காசுக்குள் ஒரு தல புராணம்: பண்டைக் கிரேக்க நாணயங்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

பண்டைக் கிரேக்க நாணயத்தை முதன்முறை பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்தக் கடவுள்?" என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆறேழு மாதம் தடுமாறிய பிறகுதான் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்று புரிந்தது. முதலில் கேட்க வேண்டியது, "இது எந்த ஊர்க் காசு?"

அன்றைய கிரேக்கம் ஒரே அரசின் கீழ் இருந்த நாடு அல்ல. ஏதென்ஸ், கொரிந்து, சிராகூஸ் என்று நூற்றுக்கணக்கான ஊர்கள் தனித்தனி அரசாக இருந்தன. அவற்றில் பல தங்கள் காசைத் தாங்களே அடித்துக்கொண்டன. பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த கதையைவிட, தன் மண்ணில் நடந்ததாகத் தான் நம்பிய கதையைக் காசில் பொறிப்பதில்தான் ஓர் ஊருக்குப் பெருமை. நமக்கு இது புதிதல்ல. சிவன் எல்லா ஊரிலும் சிவன்தான். ஆனால் மதுரைக்காரர்களுக்கு அவர் பிட்டுக்கு மண் சுமந்தவர். கிரேக்கக் காசில் இருப்பதும் அப்படியொரு தல புராணம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகள் ஒவ்வொன்றும் எளிதாகிவிடும்.

முதல் படி: பார்க்கத் தொடங்குங்கள், வாங்க வேண்டாம்

இந்த ஆர்வத்துக்குப் பணம் தேவையில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பெர்லின் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு, நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகம் ஆகிய மூன்றும் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கத் தந்திருக்கின்றன. ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும், இரண்டு பக்கப் படமும் எடையும் ஏறத்தாழ எந்தக் காலம் என்பதும் வந்துவிடும். அலெக்சாந்தரின் காசுகளுக்கு மட்டும் அமெரிக்கக் கழகம் 'பெல்லா' என்ற தனித் தளமே நடத்துகிறது.

கிரீஸ் நாட்டு 1 யூரோ நாணயம் கைக்குக் கிடைத்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் காசின் ஆந்தை அதில் அப்படியே வரையப்பட்டிருக்கிறது. 2 யூரோவில் இருப்பவள் காளை மேல் போகும் யூரோப்பா. இரண்டையும் இந்தக் கட்டுரையில் மறுபடி சந்திப்போம்.

இரண்டாம் படி: பூவா தலையா

வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்துத்தான் காசு செய்தார்கள். கீழ் அச்சு பட்டடையில் பதிந்திருக்கும். அது விழும் பக்கம் முகப்பு. மேல் அச்சைக் கையில் பிடித்து அடிப்பார்கள், அது பின்புறம். மிகப் பழைய காசுகளில் பின்புறத்தில் படமே இருக்காது, குத்தி எடுத்தாற்போல ஒரு சதுரக் குழி மட்டும் இருக்கும். அப்படிக் கண்டால் காசு பழையது என்று முதல் குறிப்பு கிடைத்துவிட்டது.

தலை இருக்கும் பக்கம்தான் முகப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கொரிந்தின் காசில் முகப்பில் குதிரை, பின்புறத்தில்தான் தலை. முகம் பக்கவாட்டில் இருந்தால் கண்ணைக் கவனியுங்கள். பக்கவாட்டு முகத்தில் கண் மட்டும் நம்மை நேராகப் பார்ப்பதுபோல் பாதாம் வடிவில் இருந்தால் அது பழைய பாணி. ஏதென்ஸ் மட்டும் மற்ற ஊர்கள் மாறிய பிறகும் அந்தக் கண்ணை விடாமல் வைத்திருந்தது. நாடு நாடாகப் போய்ப் புழங்கிய காசு அது. வாங்குகிறவர்களுக்குப் பழகிய முகத்தை மாற்ற எந்த ஊருக்குத்தான் துணிவு வரும்?

மூன்றாம் படி: எழுத்தைத் தேடுங்கள்

கிரேக்கம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 24 எழுத்துகளையும் ஒரு மாலையில் பழகிக்கொள்ளலாம். காசில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு சொல், அதுவும் 'இன்னாருடையது' என்ற பொருளில். 'சிராகோசியோன்' என்றிருந்தால் 'சிராகூஸ் மக்களுடையது' என்று பொருள். பாருங்கள், ஊர்ப் பெயர்கூட இல்லை, ஊர் மக்களின் பெயர்.

பல இடங்களில் முழுச் சொல் இருக்காது. ஏதென்ஸ் காசில் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்ற மூன்று எழுத்துகள் மட்டும். தீட்டா என்பது நடுவில் புள்ளி வைத்த வட்டம். கொரிந்துக்கு ஒற்றை எழுத்து: வட்டத்தின் கீழே ஒரு குச்சி நட்டதுபோல் இருக்கும் 'கொப்பா'. பேச்சிலும் எழுத்திலும் வழக்கொழிந்துபோன பிறகும் அந்த எழுத்தைக் கொரிந்து தன் காசில் காப்பாற்றி வைத்திருந்தது. சில பழைய காசுகளில் எழுத்துகள் வலமிருந்து இடமாகவும் ஓடும். அதைப் பிழை என்று நினைக்காதீர்கள், அப்படியும் எழுதினார்கள்.

நான்காம் படி: கையில் என்ன, தலையில் என்ன

இந்தப் படியில் தமிழ் வாசகர் யாருக்கும் பயிற்சி தேவையில்லை. வேலும் மயிலும் கண்டால் முருகன், சங்கும் சக்கரமும் கண்டால் பெருமாள் என்று சிறு வயதிலிருந்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். கிரேக்கருக்கும் அதே முறைதான். ஆயுதம், வாகனம், தலையணி ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும்.

கழுகும் இடியாயுதமும் ஜீயஸுக்கு. மூன்று முனைச் சூலம் என்றால் நமக்கு உடனே சிவன் நினைவு வரும், ஆனால் இங்கே அது கடலரசன் பொசைடனுடையது. யாழும் முக்காலியும் அப்போலோவுக்கு. வில்லும் அம்புக்கூடும் மானும் அவன் தங்கை என்றும் அக்கா என்றும் சொல்லப்படும் இரட்டைப் பிறவி ஆர்ட்டெமிஸுக்கு. திராட்சைக் குலையோ ஐவிக் கொடியோ இருந்தால் டயோனிசஸ். தானியக் கதிர் என்றால் டெமட்டர் அல்லது அவள் மகள் பெர்செஃபோனி. தலைக்கவசம் அணிந்த பெண் அதீனா. இரு பாம்பு சுற்றிய கோலும் அகன்ற தொப்பியும் ஹெர்மிஸ். சிங்கத்தின் வாய்க்குள்ளிருந்து மனித முகம் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தால் ஹெராக்ளிஸ்: நெமியாவின் சிங்கத்தைக் கொன்று அதன் தோலைப் போர்த்துக்கொண்டவன்.

தடுமாற வைப்பது வாகை மாலை. ஜீயஸும் அணிவார், அப்போலோவும் அணிவான். தாடி இருந்தால் ஜீயஸ், வழவழப்பான இளமுகமும் நீண்ட கூந்தலும் என்றால் அப்போலோ என்று தொடங்குங்கள். பெரும்பாலும் சரியாக வரும். சிறகுள்ள பெண் யார் என்றால், மாலையோடு பறந்து வருகிறாளா என்று பாருங்கள். அவள் வெற்றித் தெய்வம் நைக்கி.

தொடங்கியபோது நான் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம். சிசிலித் தீவில் கேலா என்ற ஊரின் காசில் மனித முகமும் காளை உடலும் கொண்ட ஓர் உருவம் இருக்கும். அதைப் பார்த்ததும் கிரீட் தீவுக் கதையில் வரும் மினோட்டார் என்று குறித்து வைத்து, கிரீட் தீவுக்கும் கேலாவுக்கும் என்ன தொடர்பு என்று வாரக்கணக்கில் தேடினேன். மினோட்டார் அதற்கு நேர் எதிர்: மனித உடல், காளைத் தலை. கேலாவில் இருப்பவர் அந்த ஊர் ஓரமாக ஓடும் கேலாஸ் ஆறு. கிரேக்கர்கள் ஆறுகளை ஆண் தெய்வமாக, காளை உருவில் கண்டார்கள். பெருக்கெடுத்து வரும் ஆற்றின் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு அந்தக் காளை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: கதையை ஊரோடு சேருங்கள்

நாணயம் வாய் திறப்பது இங்கேதான். அவசரப்படாமல் படியுங்கள்.

சிராகூஸை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் தலை. அவளைச் சுற்றி நான்கு டால்ஃபின்கள். மறுபக்கம் நான்கு குதிரை பூட்டிய தேர். மேலே நைக்கி பறந்து வந்து மாலை சூட்டுகிறாள். இந்தப் பெண் அரெத்யூசா. கிரீஸின் தெற்கே உள்ள பெலப்பொனீஸ் தீபகற்பத்தில் வாழ்ந்த நீர்த் தேவதை. ஆல்ஃபீயஸ் என்ற ஆறு அவள் மேல் காதல் கொண்டு துரத்தியது. ஆர்ட்டெமிஸ் அவளை நீராக மாற்ற, கடலுக்கு அடியிலேயே ஓடிச் சிசிலியின் ஓர்ட்டிஜியா தீவில் ஊற்றாக மேலெழும்பினாள். ஆறு விடவில்லை, அதுவும் கடலுக்கடியில் தொடர்ந்து வந்தது. ஒலிம்பியாவில் ஆல்ஃபீயஸ் ஆற்றில் எறிந்த கிண்ணம் அரெத்யூசா ஊற்றில் வந்து மிதந்தது என்று பழைய காலத்தில் நம்பிச் சொன்னார்கள்.

இப்போது ஊரை நினையுங்கள். ஓர்ட்டிஜியா என்பது சிராகூஸ் நகரம் பிறந்த சிறு தீவு. நாலாபுறமும் உப்புக் கடல், கரையோரத்திலேயே ஒரு நன்னீர் ஊற்று. காசைத் திரும்பப் பாருங்கள்: நடுவில் ஊற்றுப் பெண், சுற்றிலும் கடலைக் குறிக்கும் டால்ஃபின்கள். ஒரு விரல்நுனி அளவு வெள்ளியில் ஊரின் வரைபடமே இருக்கிறது. கொரிந்திலிருந்து குடியேறி வந்த மக்கள் அவர்கள். தாய்நாட்டு ஆறு கடலடியில் ஓடித் தங்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் நம்பியதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நெகிழ்கிறது. அந்த ஊற்று இன்றும் இருக்கிறது, அதில் பாப்பிரஸ் புல் வளர்ந்து நிற்கிறது.

கி.மு. 400-ஐ ஒட்டி கிமோன், யூவைனெட்டோஸ் என்ற இரண்டு அச்சுச் செதுக்கும் கலைஞர்கள் இந்த ஊருக்குப் பத்து திராக்மா (திராக்மா என்பது அன்றைய கிரேக்கக் காசின் அலகு) பெருங்காசுகளைச் செய்தார்கள். ஒன்று ஏறக்குறைய 43 கிராம். தங்கள் பெயரைப் பொடி எழுத்தில் அதிலேயே பொறித்தும் விட்டார்கள். உருப்பெருக்கிப் பார்க்கும்போது தலையின் நெற்றிப் பட்டையில், டால்ஃபினின் அருகில் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிராகூஸ் பெண் தலை எல்லாமே அரெத்யூசா அல்ல. பின்னால் அகதோக்ளிஸ் என்ற ஆட்சியாளர் காலத்துக் காசில் கதிர் சூடிய தலைக்கு அருகே 'கோராஸ்' என்று எழுதியிருக்கும். கோரே என்பது பெர்செஃபோனியின் மறுபெயர். எழுத்தை முதலில் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து கொரிந்து. சிறகுள்ள குதிரை பெகாசஸ். கொரிந்தின் பெய்ரேனி ஊற்றில் அது தண்ணீர் குடிக்க வந்தபோது, அதீனா கொடுத்த கடிவாளத்தைப் போட்டு அதை அடக்கினான் பெல்லரோஃபோன் என்ற வீரன். ஆகவேதான் ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் கடிவாளம் தந்த தெய்வம். ஒரு காசின் இரு பக்கமும் ஒரே கதையின் இரு பாதியாக இருப்பது இப்படி. எடை சுமார் 8.6 கிராம். கொரிந்து மக்கள் குடியேறிய லூக்காஸ், அம்பிரேசியா போன்ற ஊர்களும் இதே குதிரையைப் பொறித்தன. அதனால் குதிரையைக் கண்டதும் கொரிந்து என்று முடிவுகட்டாமல், அதன் வயிற்றுக்குக் கீழே உள்ள எழுத்தைப் பாருங்கள். கொப்பா இருந்தால் தாய் ஊர். லாம்டா இருந்தால் லூக்காஸ். ஆல்ஃபா இருந்தால் அம்பிரேசியா.

கிரீட் தீவில் நிலைமை இன்னும் சுவையானது. ஒரே தீவு, ஊருக்கு ஒரு கதை. க்னோசோஸ் மினோட்டாரையும் அவனை அடைத்து வைத்த சுழல்வழியையும் எடுத்துக்கொண்டது. அந்தச் சுழல்வழிக் கோலம் பிற்காலம் வரை அதன் காசில் தொடர்ந்தது. கோர்ட்டின் நகரம் யூரோப்பாவை எடுத்துக்கொண்டது. காளை உருவில் வந்த ஜீயஸ் அவளைக் கடல் கடத்திக் கொண்டுவந்த இடம் எங்கள் ஊர்தான் என்றது. காசில் அவள் ஒரு மரக்கிளையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். 2 யூரோவில் பார்த்தோமே, அதே யூரோப்பா. ஆனால் பயணம் முடிந்த பிறகு. ஃபைஸ்டோஸ் ஊரோ, தீவைச் சுற்றிச் சுற்றிக் காவல் வந்து, அந்நியக் கப்பல் மேல் பாறை வீசிய வெண்கல மனிதன் டேலோஸை, சிறகோடும் கையில் கல்லோடும் பொறித்தது.

ஏதென்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரம் யாருக்கு என்று அதீனாவும் பொசைடனும் போட்டியிட்டபோது அவன் உப்பு ஊற்றைத் தந்தான், அவள் ஒலிவ மரத்தைத் தந்து வென்றாள். காசில் அவளுடைய பறவையான ஆந்தையின் பின்னால் உள்ள சிறு கிளை அந்த ஒலிவம். பாரசீகப் போர்களுக்குப் பிறகு அவளுடைய தலைக்கவசத்திலும் ஒலிவ இலைகள் வந்துவிட்டன. நான்கு திராக்மா காசு, சுமார் 17.2 கிராம், வெள்ளி, பக்கத்திலிருந்த லாரியோன் சுரங்கத்துடையது. ஆந்தைக்கு அருகே உள்ள பிறை நிலவுக்கு மட்டும் அறிஞர்கள் ஆளுக்கொரு விளக்கம் தருகிறார்கள். எவராவது உறுதியாக ஒரே பதில் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இடையில் ஒரு நிறுத்தம்: எல்லாமே புராணம் அல்ல

சில ஊர்கள் தங்கள் பெயரையே படமாக்கின. ரோட்ஸ் தீவின் காசில் ரோஜா, ஏனென்றால் கிரேக்கத்தில் ரோஜாவுக்கு 'ரோடோன்'. செலினஸ் ஊரில் 'செலினோன்' என்ற காட்டுக் கீரையின் இலை. ஃபோக்கேயாவில் கடல்நாய், அதன் பெயர் 'ஃபோக்கே'. சிடே ஊரில் மாதுளை. இது சொல் விளையாட்டுதான், புராணம் தேடிக் களைக்க வேண்டாம். ஆனாலும் ரோட்ஸில் மறுபக்கம் திருப்பினால் கதிர் வீசும் தலையோடு சூரியன் ஹீலியோஸ் நம்மை நேராகப் பார்ப்பான். தீவுக்கு உரிய தெய்வம் அவன்தான். ஒரு பக்கம் பெயர், ஒரு பக்கம் புராணம்.

ஆறாம் படி: மன்னர்கள் வந்த பிறகு

அலெக்சாந்தர் காலத்திலிருந்து கேள்வி மாறுகிறது. "எந்த ஊர்?" என்பதோடு "எந்த மன்னன், யார் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறான்?" என்றும் கேட்க வேண்டும்.

அலெக்சாந்தரின் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்த ஹெராக்ளிஸ், மறுபக்கம் அரியணையில் கழுகோடு ஜீயஸ். கடைகளில் இதைப் பலர் "அலெக்சாந்தர் முகம்" என்று சொல்லி விற்பார்கள். அந்தத் தலை ஹெராக்ளிஸ். மாசிடோனிய அரச குடும்பம் ஹெராக்ளிஸின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டது. அலெக்சாந்தரின் பாட்டன் மூன்றாம் அமிந்தாஸ் காசிலேயே சிங்கத்தோல் உண்டு. அலெக்சாந்தரின் உண்மையான தலையைப் பார்க்க வேண்டுமா? அவரது தளபதியாக இருந்து பின்னர் மன்னரான லிசிமாக்கஸின் காசைத் தேடுங்கள். காதோரம் செம்மறிக் கடாவின் கொம்பு சுருண்டிருக்கும். கி.மு. 331-இல் எகிப்தின் சீவா பாலைவனச் சோலைக்குப் போய் அம்மோன் தெய்வத்தின் கோயிலில் குறி கேட்டு வந்தார் அல்லவா, அந்த அம்மோனின் கொம்பு.

இன்னொன்று: அலெக்சாந்தர் பெயரில் உள்ள காசெல்லாம் அவர் காலத்தவை அல்ல. அவர் கி.மு. 323-இல் இறந்த பிறகும் 200 ஆண்டுகளுக்கு மேல் பல ஊர்கள் அதே உருவங்களோடு அடித்தன. ஜீயஸின் முன்னாலும் அரியணைக்குக் கீழும் இருக்கும் சின்னச் சின்னக் குறிகளும் கூட்டெழுத்துகளும் எந்த ஊர், எந்த அதிகாரி என்பதைக் காட்டும் நிர்வாக அடையாளங்கள். அவற்றுக்குள் கதை தேட வேண்டாம். இதற்குத்தான் பெல்லா தளம்.

கிரேக்க மன்னர்கள் கிழக்கே வந்தபோது நடந்ததைச் சொல்லாமல் இந்தப் படியை முடிக்க மனம் வரவில்லை. 1970-இல் ஆப்கானிஸ்தானின் வடக்கே ஆய் கானும் என்ற இடத்தில் அகழாய்வு செய்த பிரெஞ்சுக் குழுவுக்கு ஆறு நாற்கோண வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அகதோக்ளிஸ் என்ற கிரேக்க மன்னருடையவை (சிராகூஸ்காரர் வேறு, இவர் வேறு). ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் பிராமி. நான்காம் படியை இங்கே செய்து பாருங்கள். ஒருவர் கையில் கலப்பையும் உலக்கையும். இன்னொருவர் கையில் சங்கும் சக்கரமும். பெயர் சொல்ல உங்களுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம்: பலராமனும் கண்ணனும். அந்த இருவரின் மிகப் பழைய உருவங்களில் இவையும் சேரும்.

வாங்க ஆசை வந்தால்

முதல் ஓராண்டு வாங்காதீர்கள். இது என் கண்டிப்பான கருத்து. கண் பழகாமல் வாங்கிய காசு பெரும்பாலும் போலியாக இருக்கும். நான் முதலில் வாங்கிய ஆந்தைக் காசும் அப்படித்தான். தராசில் வைத்தபோதுதான் எடை குறைவது தெரிந்தது. எடை, விளிம்பு, மேற்பரப்பு மூன்றையும் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினாலோ, உருப்பெருக்கியில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தாலோ அது அடித்த காசு அல்ல, வார்த்தது. ஆனால் ஆந்தைக் காசில் ஆழமான வெட்டு இருந்தால் பயப்படாதீர்கள். உள்ளே செம்பா வெள்ளியா என்று அந்தக் காலத்து வணிகர்களே உளியால் வெட்டிப் பார்த்த தடம் அது. பழங்காசைப் புளி போட்டோ பற்பசை போட்டோ தேய்க்கவே கூடாது.

இந்தியாவில் இருப்பவர்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள் கணக்கில் வரும். அதைத் தொழிலாக விற்க உரிமம் தேவை, தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கிருந்து வந்தது என்ற காகிதம் இல்லாத காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நிலத்தைத் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்த காசு தன் ஊரையே இழந்து வருகிறது, நாம் தேடுவதே அந்த ஊரைத்தானே.

பயிற்சி

ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு காசுக்கும் நான்கு வரி: எழுத்து, உருவம், கையிலுள்ள பொருள், ஊரின் நிலம். முதலாவதை நான் செய்து காட்டுகிறேன்.

எழுத்து: 'டாராஸ்'. உருவம்: டால்ஃபின் மேல் ஒரு வாலிபன், மறுபக்கம் குதிரை வீரன். கையில்: சில காசுகளில் சூலம், சிலவற்றில் கிண்ணம். நிலம்: தென் இத்தாலியில் நல்ல துறைமுகம். கடல், டால்ஃபின், சூலம் மூன்றும் பொசைடனிடம் கூட்டிப்போகின்றன. அவன் மகன் பெயர் டாராஸ். கப்பல் உடைந்தபோது தந்தை அனுப்பிய டால்ஃபின் அவனைக் கரை சேர்த்தது, அவன் பெயரே ஊருக்கு ஆயிற்று. ஊரை நிறுவியவன் ஸ்பார்ட்டாவிலிருந்து வந்த ஃபலாந்தோஸ் என்றும் ஒரு கதை உண்டு. அவனையும் டால்ஃபின்தான் காப்பாற்றியதாம், எனவே வாலிபன் இவனா அவனா என்ற கேள்வியையும் வரியின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது உங்களுடையது. அதே கரையில் சற்று மேற்கே மெட்டபாண்டம் என்ற ஊர். காசில் ஆளும் இல்லை, விலங்கும் இல்லை. ஒரே ஒரு பார்லிக் கதிர், சிலவற்றில் அதன் இலை மேல் ஒரு வெட்டுக்கிளி. நான்காவது வரியை, அந்த ஊர் மண் எப்படிப்பட்டது என்பதை, முதலில் நிரப்பிவிட்டு மேலே போங்கள்.